60 கட்டுரை எழுதிய வெளிநாட்டு ஆய்வாளர், ஐந்து எழுதிய மதுரை டாக்டர்: எப்படிப் பார்ப்பது?

திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவுக்குப் பெண் குழந்தை. பிறந்ததுமே வாயில் நுரை தள்ளியது, பால் இறங்கவில்லை. உணவுக்குழாய் நடுவில் நின்றுபோய், கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்து, மூன்றாம் நாளே மதுரையில் ஆபரேஷன் செய்து சேர்த்துவிட்டார்கள். இப்போது நாலு மாதம். பால் குடிக்கிறாள், எடை ஏறுகிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறாள். "அவ்வளவு நேரம் மயக்க மருந்து கொடுத்தார்களே, மூளைக்கு ஏதும் ஆகியிருக்குமா?" என்று வீட்டில் பேச்சு வர, இவர் இணையத்தில் தேடியிருக்கிறார். ஐரோப்பாவில் இருக்கும் ஒரு மருத்துவ ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியல் கிடைத்திருக்கிறது. பச்சிளம் குழந்தையின் மூளை, அறுவை சிகிச்சை என்று இதே விஷயத்தில் 60க்கும் மேல். ஆபரேஷன் செய்த மதுரை டாக்டரின் பெயரைப் போட்டுத் தேடினால் ஐந்துதான் வருகிறது. அந்த வெளிநாட்டுக்காரரிடம் குழந்தையைக் காட்ட வேண்டுமா, நம் டாக்டர் விவரம் போதாதவரா, அந்தக் கட்டுரைகளெல்லாம் பாப்பாவைப் பற்றி என்ன சொல்கின்றன என்பது அவர் கேள்வி.

நான் மதுரையில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர். மருத்துவ இதழ்களுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்து கொடுப்பதும் உண்டு. எனவே இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம்.

முதலில் சுருக்கமான பதில். குழந்தையை எங்கேயும் விமானம் ஏற்றிக் கொண்டுபோக வேண்டாம். நாலு மாதத்தில் நீங்கள் சொல்வதுபோல் இருக்கும் குழந்தைக்குத் தேவை ஒழுங்கான தொடர் பரிசோதனை. அது மதுரையிலேயே நடக்கும். அப்புறம், 60க்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து யார் நல்ல சர்ஜன் என்று முடிவு செய்ய முடியாது. ஒருவர் எந்தக் கேள்வியின் பின்னால் எத்தனை வருஷம் போயிருக்கிறார், பதில் தனக்குச் சாதகமாக வராதபோது அதையும் வெளியிட்டாரா என்பதுதான் பட்டியலில் தெரியும். வாசிக்கத் தெரிந்தால் அது பெரிய விஷயம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

60 என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பப்மெட் என்பது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் இலவசமாக நடத்தும் தேடுதளம். அதில் ஒருவர் பெயரைப் போட்டால் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். பத்து வருஷம் உழைத்துச் செய்த ஆய்வும் அங்கே ஒரு வரிதான். யாரோ எழுதிய கட்டுரைக்குப் பதிலாக அனுப்பிய அரைப்பக்கக் கடிதமும் ஒரு வரிதான். ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட், மற்றவர்கள் செய்ததைத் தொகுத்து எழுதியது, இனிமேல் இப்படிச் செய்யப்போகிறோம் என்ற திட்டக் கட்டுரை எல்லாம் கலந்தே கிடக்கும். எதுவும் தள்ளத்தக்கது இல்லை. ஆனால் ஒன்றுக்கொன்று சமமும் இல்லை.

அடுத்து, பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் துறை வழக்கப்படி முதலில் வரும் பெயர் பெரும்பாலும் ஓடியாடி வேலை செய்தவருடையது. கடைசிப் பெயர் அந்த ஆய்வை வழிநடத்திய மூத்தவருடையது. ஒருவர் பட்டியலில் முதல் பத்து வருஷம் முதல் பெயராகவும், அதற்குப் பிறகு கடைசிப் பெயராகவும் நகர்ந்திருந்தால், அவர் அந்தத் துறையில் வளர்ந்து இன்னும் நாலு பேரை வளர்த்திருக்கிறார் என்று அர்த்தம். 60லும் நடுவிலேயே இருந்தால் கூட்டு முயற்சிகளில் பங்கெடுத்தவர். அதுவும் மதிப்பானதுதான். பிறவிக் குடல் குறைபாடுகளைப் பற்றி 2021இல் லான்செட் இதழில் வந்த உலகளாவிய ஆய்வில் 74 நாடுகளின் 264 மருத்துவமனைகள் சேர்ந்திருந்தன. உங்கள் பாப்பாவுக்கு இருந்த உணவுக்குழாய்க் குறைபாடும் அதில் அடக்கம். அந்தத் தரவைச் சேகரித்தவர்கள் நூற்றுக்கணக்கான பேர். அவர்களில் ஒருவருக்கும், தனி ஆளாக ஒரு கேள்வியை எடுத்து முடித்தவருக்கும் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் கூடும்.

எச்-இண்டெக்ஸ் என்று ஒரு எண்ணையும் பார்த்திருப்பீர்கள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது. 20 என்றால், குறைந்தது 20 தடவையாவது மற்றவர்கள் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று பொருள். வயதும் கூட்டாளிகளும் கூடக்கூட அதுவும் தானாக ஏறும். அதற்கு மேல் அதில் படிக்க ஒன்றுமில்லை.

இப்போது நம்ம ஊர் டாக்டரின் ஐந்துக்கு வருவோம். இதில் நம் பெயர் வழக்கமே முதல் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இதழ்களின் படிவமோ கடைசிப் பெயரைக் கேட்கும். ஒரு கட்டுரையில் செந்தில்குமார் எஸ் என்று கொடுப்பார், இன்னொன்றில் அப்பா பெயரை விரித்து எழுதுவார், மூன்றாவதில் இதழ்க்காரர்களே அப்பா பெயரை முக்கியப் பெயராக்கி இவரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிடுவார்கள். ஒரே ஆள் மூன்று பேராகப் பிரிந்து கிடப்பார். எஸ். செந்தில்குமார் என்று தமிழ்நாட்டில் எத்தனை டாக்டர்கள் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இன்னொருவரின் கட்டுரை இவர் கணக்கில் சேர்ந்துவிடுவதும் உண்டு. இதற்காகவே 2012 முதல் ஆர்கிட் என்ற 16 இலக்க எண் வந்திருக்கிறது. அது வைத்திருப்பவர்களை அந்த எண்ணைக் கொண்டு தேடினால் குழப்பம் குறையும். பெயரை வைத்து எண்ணிய கணக்கை, நம் ஊர்க்காரர்கள் விஷயத்தில் நான் நம்புவதில்லை.

இரண்டாவது சிக்கல் வேலை. மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. அதோடு சேர்ந்த அரசு ராஜாஜி மருத்துவமனை, நாம் சொல்லும் பெரியாஸ்பத்திரி, தேனி, விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை வரைக்கும் ஆட்களை இழுக்கும் இடம். தனியார் மருத்துவமனைகளிலும் பச்சிளம் குழந்தைக்கு ஆபரேஷன் செய்யும் கைகள் குறைவு. காலையில் ஓபி, மதியம் தியேட்டர், ராத்திரி கூப்பிட்டால் மறுபடி தியேட்டர் என்று ஓடுகிறவருக்குக் கட்டுரை எழுத உதவியாளர் கிடையாது, ஆய்வு நர்ஸ் கிடையாது. ஐரோப்பிய ஆய்வாளருக்கு வாரத்தில் பாதி நாள் ஆய்வுக்கென்றே ஒதுக்கியிருப்பார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அப்படி ஒதுக்கினால்தான் ஆய்வு நடக்கும். இன்னொன்று, நம் மருத்துவக் கல்லூரிகளில் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதற்காகவே அவசரமாக எழுதி, காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களில் வெளியிடுவதும் நடக்கிறது. அப்படிப்பட்ட 30 கட்டுரைகளைவிட, தன் பிரிவுக்கு வந்த உணவுக்குழாய்க் குழந்தைகள் அத்தனை பேரையும் ஒளிக்காமல் கணக்கு எழுதி, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று வெளியிட்ட ஒரு கட்டுரையை நான் மேலாக மதிப்பேன். உங்கள் டாக்டரின் ஐந்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் அதைச் சொல்கிறேன் என்றால், மேலே சொன்ன 2021 ஆய்வில் அந்தக் குறைபாடுகளுள்ள குழந்தைகளில் இறந்தவர்கள் பணக்கார நாடுகளில் 5.6 சதவீதம், நடுத்தர நாடுகளில் 20.4 சதவீதம், ஏழை நாடுகளில் 39.8 சதவீதம். இந்த இடைவெளியில் பிழைப்பும் சாவும் அடங்கியிருக்கிறது. நேரத்தோடு கண்டுபிடிப்பது, சூடு குறையாமல் ஆம்புலன்ஸில் கொண்டுவருவது, வென்டிலேட்டர், ராத்திரி கண்விழிக்கும் நர்ஸ், தொற்று வராமல் பார்ப்பது என்று எத்தனையோ சேர்ந்தால்தான் ஒரு குழந்தை வீட்டுக்குப் போகும். உங்கள் பாப்பா மூன்றாம் நாள் ஆபரேஷன் ஆகி வீடு வந்து, நாலு மாதமாகப் பால் குடிக்கிறாள் என்றால், அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியும் விட்டுப்போகவில்லை. அது எந்தப் பட்டியலிலும் ஏறாது.

ஆபரேஷன் நேரத்தில் மூளையைக் காப்பது என்றால் என்ன என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அந்த ஆய்வாளரின் கட்டுரைத் தலைப்புகள் உங்களுக்குப் புரியும். பச்சிளம் குழந்தை ஆபரேஷன் என்றால் தியேட்டரில் ஏசியை நிறுத்திவிடுவார்கள். மதுரை வெயிலில் கவுனுக்குள் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றும். குழந்தையின் கைகால்களைப் பஞ்சுச் சுருளால் சுற்றி, தலைக்குத் தொப்பி போட்டு, வெப்பம் தரும் மேஜையில் இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். உணவுக்குழாயை எட்டுவதற்காக சர்ஜன் வலது நுரையீரலை மெல்ல ஒதுக்குவார். ஒதுக்கியதும் ஆக்சிஜன் 95இலிருந்து 90, 86 என்று இறங்கும். "சார், கொஞ்சம் விடுங்க" என்பார் மயக்க மருத்துவர். சர்ஜன் கையை எடுத்துவிட்டு அப்படியே நிற்பார். எண் மேலே ஏறும் வரை ஒருத்தரும் பேசமாட்டார்கள். ஏறியதும் மறுபடி தொடங்குவார். ஒரு ஆபரேஷனில் இது பலமுறை நடக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, உடம்புச் சூடு, கார்பன் டை ஆக்சைடு எல்லாவற்றையும் ஒரே ஆள் கண்ணில் வைத்திருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு ரொம்பக் குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், கூடினால் விரியும். இரண்டும் ஆபத்து.

இந்த இடத்தில்தான் ஆய்வாளர்கள் உள்ளே வருகிறார்கள். நெற்றியில் ஒரு சிறு பட்டையை ஒட்டி, அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, மூளைத் திசுவில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கருவி இருக்கிறது. நீங்கள் பார்த்த பட்டியலில் பாதியாவது இதைப் பற்றியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? மூளையை நேரடியாகக் கண்காணித்தால் மூளை பிழைக்கும். ஆனால் டென்மார்க் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய சேஃப்பூஸ்க் என்ற பெரிய ஆய்வு, மிகவும் குறைமாதத்தில் பிறந்த 1,601 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தது. பிறந்த முதல் மூன்று நாள் இந்தக் கருவியை வைத்துக் கவனித்த பிரிவுக்கும் வழக்கமாகக் கவனித்த பிரிவுக்கும் இறப்பிலோ கடுமையான மூளைப் பாதிப்பிலோ வித்தியாசம் வரவில்லை. 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. பல வருஷம் இந்தக் கருவியை நம்பி உழைத்த அதே ஆட்கள், உதவவில்லை என்ற முடிவை உலகத்தின் முன் வைத்தார்கள். ஒரு ஆய்வாளரின் பட்டியலில் நான் முதலில் தேடுவது இப்படி ஒரு வரியைத்தான். 60லும் வெற்றி என்றே இருந்தால் எனக்குக் கொஞ்சம் யோசனை வரும்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இருக்கிறது. பிறந்ததும் அழாத குழந்தைகளுக்கு மூளையில் ஆக்சிஜன் குறைந்து பாதிப்பு வரலாம். உடம்பை 33.5 டிகிரிக்குக் குளிரவைத்து 72 மணி நேரம் வைத்தால் மூளை தப்பும் என்று 2005இல் அமெரிக்காவில் சீதா சங்கரன் தலைமையில் 208 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு காட்டியது. பணக்கார நாடுகளில் அது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. நம் ஊரிலும் சரிப்படுமா என்று சுதின் தய்யில் தலைமையில் ஹீலிக்ஸ் ஆய்வு நடந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகள். சென்னையின் அரசு மருத்துவமனைகளும் அதில் உண்டு. 2021இல் முடிவு வந்தபோது எங்களில் பலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. குளிரவைத்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்திருந்தார்கள், வைக்காதவர்களில் 31 சதவீதம். ஒரே சிகிச்சைதான், ஒரே வெப்பநிலைதான். ஆனாலும் அங்கே காப்பாற்றியது இங்கே காப்பாற்றவில்லை. எனவே ஐரோப்பிய ஆய்வாளரின் கட்டுரையை எடுத்துக்கொண்டு நம் டாக்டரிடம் "ஏன் இதைச் செய்யவில்லை?" என்று கேட்பதற்கு முன், அந்த ஆய்வில் எந்த நாட்டுக் குழந்தைகள் இருந்தார்கள் என்று பாருங்கள்.

மதுரையிலிருந்து உலகத்துக்குப் போன ஆய்வும் இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மதுல்லா 1990இல் முதல் பெயராக வெளியிட்ட ஆய்வில், திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பங்கேற்றார்கள். வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்த பிரிவில் இறப்பு பாதிக்கும் கீழே வந்தது. அவர் அங்கே நிற்கவில்லை. அப்படியானால் பிறந்த உடனே கொடுத்தால் என்ன என்று அடுத்த கேள்விக்குப் போனார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 11,619 பச்சிளம் குழந்தைகளோடு செய்த அந்த ஆய்வு 2003இல் பிஎம்ஜே இதழில் வந்தது. முதல் ஆறு மாத இறப்பு 22 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டு கட்டுரைக்கும் நடுவில் 13 வருஷம், ஒரே கேள்வியின் இழை. பிற்பாடு மற்ற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் எல்லா இடத்திலும் வரவில்லை. எனவே பிறந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் 2011இல் பரிந்துரைக்கவில்லை. இதனால் அவருடைய ஆய்வின் மதிப்பு குறைந்துவிடவில்லை. வீடுவீடாகப் போய் அவ்வளவு குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய கணக்கு என்றைக்கும் கணக்குதான். அடுத்து வந்தவர்கள் அதன்மேல் நின்றுதான் பார்த்தார்கள்.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் நல்ல ஆய்வு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1980கள் வரை பல இடங்களில், பச்சிளம் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, மருந்தையும் தாங்காது என்று நம்பி, மிக லேசான மயக்கத்தோடும் தசையைச் செயலிழக்கவைக்கும் மருந்தோடும் ஆபரேஷன் செய்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டு போன கே.ஜே.எஸ். ஆனந்த், 1987இல் லான்செட்டில் ஒரு ஆய்வு வெளியிட்டார். மொத்தம் 16 குறைமாதக் குழந்தைகள், இதயத்தருகே ரத்தக்குழாய் மூடும் ஆபரேஷன். வலிக்கு ஃபென்டனில் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளின் உடம்பில் அதிர்ச்சி ஹார்மோன்கள் வெகுவாகக் குறைந்தன, ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல்களும் குறைந்தன. அந்த 16 குழந்தைகள் உலகம் முழுவதும் வழக்கத்தை மாற்றினார்கள். உங்கள் பாப்பாவுக்கு வலி தெரியாமல் முழு மயக்கம் கொடுத்ததற்குப் பின்னால் அந்தக் கட்டுரையும் நிற்கிறது. மயக்க மருந்தைக் கொடுத்துவிட்டார்களே என்று வருந்தும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா? இந்தப் பயம் 2003இல் வந்த எலி ஆய்விலிருந்து பெரிதானது. ஏழு நாள் எலிக்குட்டிகளுக்கு ஆறு மணி நேரம் மயக்கம் கொடுத்தபோது மூளை அணுக்கள் இறந்தன, பிறகு கற்பதும் குறைந்தது. எலியின் ஏழு நாளும் ஆறு மணி நேரமும் மனிதக் குழந்தைக்கு எவ்வளவு என்பது வேறு கணக்கு. மனிதக் குழந்தைகளில் மிக உறுதியான பதில் தந்தது காஸ் என்ற ஆய்வு. ஏழு நாடுகளின் 28 மருத்துவமனைகளில் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த 722 கைக்குழந்தைகள். பாதிப் பேருக்கு முழு மயக்கம், பாதிப் பேருக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தது. ஐந்து வயதில் ஐ.க்யூ. பார்த்தால் இரண்டு பிரிவிலும் 99ஐ ஒட்டியே இருந்தது. 2019 லான்செட். அதற்கு முன்பே, 2016இல், அமெரிக்காவில் 105 ஜோடி உடன்பிறப்புகளை ஒப்பிட்டார்கள். சின்ன வயதில் ஒருமுறை மயக்கம் கொடுக்கப்பட்ட பிள்ளைக்கும் கொடுக்கப்படாத அண்ணன் தம்பிக்கும் புத்தியில் வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் உங்களிடம் மறைக்கக் கூடாது: காஸ் ஆய்வில் மயக்கம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. உணவுக்குழாய் ஆபரேஷன் அதைவிட நீளமானது. மூன்று வயதுக்குள், மூன்று மணி நேரத்துக்கு மேலோ பலமுறையோ மயக்கம் கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016 டிசம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் 997 பிள்ளைகளைப் பார்த்த ஆய்வில், பலமுறை மயக்கம் பெற்றவர்களுக்கும் ஐ.க்யூ. குறையவில்லை, ஆனால் சிந்தனை வேகமும் விரல் வேலையும் லேசாகக் குறைந்திருந்தன. எஃப்டிஏ எச்சரிக்கையைத் தேவையான ஆபரேஷனைத் தள்ளிப்போடு என்று யாரும் படிக்கக் கூடாது. உணவுக்குழாய் சேராத குழந்தை பிழைத்திருக்க முடியாது. இந்த ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருக்க வழியே இல்லை.

என் அனுபவத்திலும் கட்டுரைகளிலும் பார்க்கும்போது, இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மயக்க மருந்து மட்டும் தனியாகக் கவலை தருவதில்லை. பிறவிக் குறைபாடு, ஆபரேஷன், வென்டிலேட்டர், தொற்று, நாள்கணக்கில் வாய்வழிப் பால் இல்லாதது, அம்மா மடியில் இல்லாதது எல்லாம் சேர்ந்து மூளைமேல் இறங்குகின்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், இதயம் அல்லாத பிறவிக் குறைபாடுகளுக்கு ஆபரேஷன் ஆன 101 குழந்தைகளுக்குத் தலை எம்ஆர்ஐ எடுத்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. பயப்படாதீர்கள், அவற்றில் பெரும்பாலானவை லேசானவை. ஸ்கேனில் புள்ளி இருப்பதும் குழந்தை பின்தங்குவதும் ஒன்று இல்லை. ஆஸ்திரேலியாவில் இதேபோன்ற குழந்தைகளை ஒரு வயதில் பரிசோதித்தபோது, சராசரியில் மற்றக் குழந்தைகளைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள், பலர் சரியாகவே இருந்தார்கள். யார் பின்தங்குவார் என்று நாலாம் மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது. அந்த ஐரோப்பிய ஆய்வாளராலும் முடியாது. கூடவே இருந்து பார்ப்பது ஒன்றே வழி.

அதனால் இதைச் செய்யுங்கள். இந்த வயதில் கழுத்து நின்றிருக்க வேண்டும், அல்லது நிற்கும் நிலையில் இருக்க வேண்டும். முகம் போகும் பக்கம் கண் போக வேண்டும். இரண்டு கையும் நெஞ்சுக்கு நடுவில் வந்து ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். கட்டைவிரல் உள்ளே மடங்கி எப்போதும் இறுகின முஷ்டியாக இருந்தாலோ, நாப்கின் மாற்றும்போது கால்கள் கத்தரிபோல் விறைத்தாலோ, ஒரு கையை மட்டுமே பயன்படுத்தினாலோ அடுத்த முறை வரை காத்திருக்காமல் காட்டுங்கள். வலது தோள்பட்டைப் பக்கம் ஆபரேஷன் தழும்பு இருப்பதால் அந்தக் கையை உயர்த்துவது சிரமமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வென்டிலேட்டரும் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் பெற்ற குழந்தை என்பதால் காது கேட்கும் பரிசோதனை கட்டாயம். அதற்கான பெரா என்ற சோதனையை எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள், இல்லையென்றால் இந்த வாரமே கேளுங்கள். காது கேளாமல் பேச்சு தாமதமாவதை, புத்தி மந்தம் என்று வீட்டில் பேர் வைத்துவிடுவார்கள். தலைச் சுற்றளவை ஒவ்வொரு முறையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். வளர்ச்சிக்குத் திருவனந்தபுரத்தில் உருவாக்கிய 17 கட்டங்கள் கொண்ட எளிய அட்டவணை ஒன்று இருக்கிறது, இரண்டு வயது வரை பயன்படும், எந்தக் குழந்தை டாக்டரும் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி தேவைப்பட்டால் அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் காசில்லாமல் கிடைக்கும்.

இந்த ஆபரேஷனுக்கே உரிய சிலதும் உண்டு. நாய் குரைப்பதுபோல் இருமுவாள், மூச்சுக்குழாய் கொஞ்சம் தளர்வாக இருப்பதால் வருவது, வளர வளரக் குறையும். பால் குடிக்கும்போது நீலம் பாய்ந்தால் மட்டும் நேரம் பார்க்காமல் ஓடுங்கள். சேர்த்த இடம் சுருங்குவதும் சகஜம். முன்பு 15 நிமிஷத்தில் குடித்த பாலுக்கு அரைமணி நேரம் ஆகிறது, நடுவில் நுரை வருகிறது என்றால் அதுதான் அறிகுறி. ஆறு மாதத்துக்கு மேல் இட்லி மசித்துக் கொடுக்கத் தொடங்கும்போது கவனம் வேண்டும், சுருக்கம் அப்போதுதான் வெளியே தெரியவரும். டாக்டர் அந்த இடத்தை விரித்துவிட்டால் சரியாகும். சரியாகச் சாப்பிட முடியாத குழந்தையின் மூளைக்குத் தீனி எங்கிருந்து வரும்? அதனால் இதுவும் மூளையைப் பற்றிய விஷயம்தான்.

அந்த ஆய்வாளருக்கு மின்னஞ்சல் அனுப்பலாமா என்றால், தாராளமாக அனுப்புங்கள். நல்ல ஆய்வாளர்கள் பதில் போடுவார்கள். "என் அக்கா மகளுக்கு என்ன ஆகும்?" என்று கேட்காதீர்கள், பார்க்காத குழந்தையைப் பற்றி அவர் எதுவும் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. "உணவுக்குழாய் ஆபரேஷன் ஆன குழந்தைகளை உங்கள் பிரிவில் எந்தெந்த வயதில் எதற்கெல்லாம் பரிசோதிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வரும் பதிலை அச்செடுத்து உங்கள் டாக்டரிடம் கொடுங்கள். அந்த ஆய்வாளருடைய கட்டுரைகளில் முழு வடிவம் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றிரண்டைத் திறந்து, கடைசியில் பணம் யார் கொடுத்தது என்ற பகுதியையும் படியுங்கள். நெற்றிப் பட்டைக் கருவி செய்யும் கம்பெனியே கொடுத்திருந்தால் அதை மனதில் வைத்துக்கொண்டு முடிவுகளைப் படிக்க வேண்டும். பின்வாங்கப்பட்ட கட்டுரை என்றால் பப்மெட்டிலேயே மேலே எழுதியிருக்கும். இந்தியாவில் நடந்த மருந்துச் சோதனை என்றால், 2009 ஜூன் முதல் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்பது விதி. ஆரம்பத்தில் எதை அளப்போம் என்று சொன்னார்கள், கட்டுரையில் எதை அளந்ததாக எழுதினார்கள் என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உங்கள் மதுரை டாக்டரிடமும் நேராகக் கேளுங்கள்: வருஷத்துக்கு இப்படி எத்தனை ஆபரேஷன் செய்கிறீர்கள், எத்தனை பேர் நல்லபடியாக வீட்டுக்குப் போகிறார்கள், ஒரு வயது, இரண்டு வயதில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்? இதைக் கேட்டால் கோபப்படும் டாக்டரை எனக்குத் தெரியாது. அடுத்த தடவை போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, மயக்க மருத்துவரின் குறிப்புத்தாள் கிடைத்தால் அதன் நகல், தடுப்பூசி அட்டை மூன்றையும் ஒரே ஃபைலில் வைத்து எடுத்துப் போங்கள். மயக்கம் மொத்தம் எவ்வளவு நேரம் என்பது அந்தக் குறிப்புத்தாளில்தான் இருக்கும்.